‘பாவம்’ என்ற பட்டம் நமக்கு வேண்டாம்

கடந்த தவணையில் தரம் 10 மாணவிகளுக்கு ‘பத்து ஆண்டுகளின் பின் நான்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை கொடுத்தேன். கொப்பிகளைத் திருத்தும்போது ஒரு விடயம் கண்ணில் பட்டது. வைத்தியராக வேண்டும், சட்டத்தரணியாக வேண்டும் என்று ஆசையோடு தொடங்கிய பல கட்டுரைகள் இரண்டாம் பந்தியிலேயே ‘ஆனால்’ என்று திரும்பிவிட்டன. ஆனால் நாங்கள் மலைநாட்டுப் பிள்ளைகள். ஆனால் வீட்டில் வசதியில்லை. ஆனால் பெண்பிள்ளைகளைத் தூர இடத்துக்கு அனுப்பமாட்டார்கள். ஒரு பிள்ளை, ‘எங்களைப் போன்ற பாவங்களுக்கு இதெல்லாம் சரிவராது’ என்று எழுதிவிட்டு மீதிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

அந்த வெற்றுப் பக்கந்தான் என்னை எழுத வைத்தது.

பிள்ளைகள் சொன்ன குறைகள் எதுவும் பொய்யல்ல. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படிப்பதற்கு ஊர் விட்டு ஊர் போகவேண்டிய பிள்ளைகள் நுவரெலியா மாவட்டத்தில் இன்றும் இருக்கிறார்கள். ‘முயன்றால் எல்லாம் முடியும்’ என்று மேடையில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆசிரியர் இல்லாத பாடத்தை வெறும் முயற்சி கற்பித்துவிடாது. ஆகவே குறையைச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவருக்கு அநீதி நடந்திருப்பது ஒன்று. அந்த அநீதியையே தன் பெயராக வைத்துக்கொள்வது வேறொன்று. முன்னதை எடுத்துச் சொன்னால் அது முறையீடு, பின்னது புலம்பல். முறையீடு ஒரு கதவைத் தட்டுகிறது. புலம்பலோ உள்ளே இருந்தபடி தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்கிறது.

இதற்கு உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை. வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் தெரியும் தேயிலை மலைகளே போதும். நம்மில் பலருடைய குடும்பங்கள் ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் கடை வைத்துப் பிழைப்பவை. தோட்டத்தில் சம்பளம் போட்டால்தான் நமது கடையிலும் வியாபாரம். ஆனாலும் கடை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சாமான் வாங்கும் அந்த மக்களின் வரலாற்றை நாம் படித்தது குறைவு.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு நாடுகளின் தலைவர்களும் ஓர் ஒப்பந்தம் செய்து 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. எந்த நாட்டில் வாழ விருப்பம் என்று லயத்தில் இருந்தவர்களிடம் கேட்டுச் செய்த பங்கீடு அல்ல அது. ‘நாங்கள் பாவம்’ என்று சொல்லிக்கொள்ள இவர்களைவிட நியாயம் உள்ளவர் யார்?

ஆனால் அவர்கள் அந்தச் சொல்லோடு நின்றுவிடவில்லை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்தில் பிறந்தவர். பதவி போனபின்பும் பேனாவை வைக்கவில்லை. தம் மக்களின் வாழ்வை வெளியுலகம் அறியட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினார். அவர்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார்.

அவருக்கும் முன்பே ஒரு பெண் இருந்தார். 1931இல் ஹற்றனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் அவர். எழுத்தறிவு அதிகம் எட்டாத மக்களிடம் அறிக்கை வாசித்துப் பயனில்லை என்பதை அறிந்து, அவர்களுக்குப் பழகிய மெட்டுகளில் உரிமைப் பாடல்கள் கட்டிக் கூட்டங்களில் பாடினார். அவற்றை நூலாகவும் அச்சிட்டார். பெண் மேடையேறுவதே பெரிய விடயமாக இருந்த காலம் அது. அவர் பாடியவை அழுகைப் பாட்டுகளாக இருந்திருந்தால் கேட்டவர்கள் அழுதுவிட்டு லயத்துக்குத் திரும்பியிருப்பார்கள். அவர் உரிமை கேட்கச் சொல்லிப் பாடினார்.

பலன் உடனே வந்ததா? இல்லை. ஒரே மலையில் கொழுந்து எடுத்தும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம் என்ற நிலை 1984இல், ஒரு பெரிய வேலைநிறுத்தத்தின் பின்னரே மாறியது. பிரஜாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்வுக்கு வந்தது. 2024 பாராளுமன்றத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவானபோது, மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்களின் வாக்கால் முதன்முறையாகச் சபைக்குள் சென்றார்கள். 1947இலிருந்து எண்ணினால் 77 ஆண்டுகள். குறைகள் இன்னும் தீர்ந்தபாடில்லை. காணியும் வீடும் நியாயமான சம்பளமும் இன்றும் கேள்வியாகவே இருக்கின்றன. விடாமுயற்சி என்ற சொல்லை எழுதும்போது அதன் நீளம் எவ்வளவு என்பதையும் நாம் சேர்த்து அறிய வேண்டும்.

யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு நமக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். சொந்தச் சகோதரர்கள் கிணற்றில் போட்டார்கள். அடிமையாக விற்கப்பட்டார்கள். செய்யாத குற்றத்துக்குச் சிறை. அந்தச் சிறையிலும் அவர்கள் முடங்கிக் கிடக்கவில்லை; உடனிருந்தவர்களுக்கு ஏக இறைவனைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள், கனவுக்கு விளக்கம் கொடுத்தார்கள். மன்னர் விடுதலை செய்து அழைத்தபோது உடனே வெளியேறிவிடவும் இல்லை. தம் மீதான பழியை முதலில் விசாரிக்கச் சொன்னார்கள். அநீதியைச் சிறிதென்று விட்டுவிடவில்லை என்பதற்கு இது சாட்சி. பின்னர் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டு ஏற்றார்கள். இறுதியில் சகோதரர்கள் முன்னால் வந்து நின்றபோது பழைய கிணற்றைச் சொல்லிக்காட்டாமல் மன்னித்தார்கள். நியாயம் கேட்கவேண்டிய இடத்தில் கேட்டார்கள். வேலை செய்யவேண்டிய இடத்தில் செய்தார்கள். இரண்டுக்கும் இடையில் தம்மையே நினைத்து இரங்கிக்கொண்டிருக்க இடம் வைக்கவில்லை.

மாணவிகளே, பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்குக் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 வீத இடங்கள் உண்டு. நுவரெலியாவும் அம்மாவட்டங்களில் ஒன்று. நமது பின்னடைவை நாடே ஒப்புக்கொண்டு திறந்து வைத்த கதவு அது. ஆனால் அந்தக் கதவுக்கும் இஸட் புள்ளி வேண்டும். ‘நாங்கள் பாவம்’ என்று சொல்லிக்கொண்டு நிற்பவருக்கு அது தானாக வந்து சேராது.

பெற்றோரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ‘பாவம், அவளால் ஏலாது’ என்று நாம் அன்போடுதான் சொல்கிறோம். பத்து வருடம் கேட்ட பிள்ளை அதை நம்பிவிடுகிறாள். ஆசிரியர் இல்லையென்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். வலயக் கல்விக் காரியாலயத்துக்கு எழுதுங்கள். அது உங்கள் பங்கு. வீட்டில் அவளுக்குப் படிக்க இரண்டு மணித்தியாலமும் ஒரு மேசையும் கொடுங்கள். அதுவும் உங்கள் பங்குதான்.

அந்த வெற்றுப் பக்கத்தின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, ‘மிச்சத்தை எழுதிக் கொண்டு வாங்க மகள்’ என்றேன். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தாள். தன் வீட்டு நிலைமையை எதையும் மறைக்காமல் எழுதியிருந்தாள். ‘ஆனால்’ மட்டும் இடம் மாறியிருந்தது: ‘எங்களுக்கு வசதி குறைவு. ஆனால் கணிதத்தில் எனக்கு விளங்காத நான்கு அலகுகள் எவை என்று எனக்குத் தெரியும்.’

அந்த நான்கு அலகுகளில் இப்போது இரண்டு முடிந்துவிட்டன. மிகுதியையும் முடிக்க வல்ல அல்லாஹ் அவளுக்கும், அவளைப் போன்ற நம் பிள்ளைகள் அனைவருக்கும் துணை நிற்பானாக.