வைத்தியசாலை வாசல் வரை பேருந்து வேண்டும்

கொழும்பில் மருதானைக்கும் பொரளைக்கும் லிப்டன் சுற்றுவட்டத்துக்கும் இடைப்பட்ட பகுதி நாட்டின் மருத்துவ மையமாகவே விளங்குகின்றது. 1864 இல் ஆரம்பிக்கப்பட்ட தேசிய வைத்தியசாலை, டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை, சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, தேசிய கண் வைத்தியசாலை, காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, மருத்துவ பீடம் என்பன அனைத்தும் இப்பகுதியிலும் இதனை அண்டியுமே அமைந்துள்ளன. சீன உதவியுடன் புதிய வெளிநோயாளர் பிரிவுக் கட்டடமும் இங்கு எழுந்துள்ளது. கட்டடங்கள் உயர்ந்து செல்வது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவற்றை நாடி வரும் நோயாளி எவ்வாறு வந்து சேர்கின்றார் என்பது குறித்து அதே அளவில் சிந்திக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

விசேட சிகிச்சைக்கெனக் கொழும்புக்கு அனுப்பப்படுவோரில் வடக்கு, கிழக்கு, மலையகத்தைச் சேர்ந்தோர் கணிசமானோர். மன்னாரிலிருந்தோ, காத்தான்குடியிலிருந்தோ, ஹட்டனிலிருந்தோ புறப்படுபவரைத் தூரசேவைப் பேருந்து புறக்கோட்டையிலும் புகையிரதம் கோட்டையிலும் இறக்கிவிடுகின்றது. அங்கிருந்து வைத்தியசாலைக்குச் செல்ல நெரிசல் மிக்க மற்றொரு பேருந்தில் ஏறவேண்டும். இல்லையேல் முச்சக்கரவண்டிக்குப் பணம் கொடுக்க வேண்டும். சிகிச்சை இலவசம்; ஆனால் வாசலை அடைவதற்கான செலவு இலவசமல்ல. நாட்கூலி பெறும் தோட்டத் தொழிலாளி ஒருவர் மாதாந்த கிளினிக்கைத் தவறவிடுவாராயின், அதற்கு நோயின் மீதான அலட்சியத்தைவிட இந்தச் செலவே காரணமாக இருக்கக்கூடும்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை அந்நகரின் மத்திய பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே உள்ளது. கிராமத்திலிருந்து வரும் முதியவர் பேருந்தை விட்டிறங்கியதும் வைத்தியசாலையை அடைந்துவிடுகின்றார். கொழும்பில் இந்த வசதி தானாக அமையவில்லை; எனவே அதனைத் திட்டமிட்டு ஏற்படுத்த வேண்டியுள்ளது.

அவ்வாறானதொரு திட்டம் இருந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. மாலபேயிலிருந்து கோட்டை வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளமான இலகு ரயில் பாதைக்கென 2019 இல் ஜப்பானுடன் கடனுடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. பொரளையும் தேசிய வைத்தியசாலையும் அதன் உத்தேச நிலையங்களில் இடம்பெற்றிருந்தன. 2020 செப்டெம்பரில் அத்திட்டம் இரத்துச் செய்யப்பட்டது. அதன் இலாப நட்டம் பற்றி வாதிடுவோர் உள்ளனர். எனினும் அதனால் நோயாளிகள் இழந்த வசதிக்கு மாற்றாக எதுவும் வழங்கப்படவில்லை என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

பெருந்தொகைப் பணமின்றியே செய்யக்கூடியவை பல உண்டு. வடக்கு, கிழக்கு, மலையகப் புகையிரதப் பாதைகள் யாவும் மருதானை ஊடாகவே கோட்டையை அடைகின்றன. எனவே கோட்டை, புறக்கோட்டை, மருதானை ஆகிய இடங்களிலிருந்து இவ்வைத்தியசாலைகள் அனைத்தையும் சுற்றிவரும் பேருந்துச் சேவையொன்றை இலங்கை போக்குவரத்துச் சபை அதிகாலை முதல் நடத்தலாம். களனிவெளிப் பாதையில் பொரளைக்கு அண்மையில் கோட்டா வீதி நிலையமும், புற்றுநோய் வைத்தியசாலை அமைந்துள்ள மஹரகமவில் ஒரு நிலையமும் உள்ளன. புகையிரத நேரங்களும் கிளினிக் நேரங்களும் இணங்கிச் செல்லுமாறு செய்தால் இந்நிலையங்கள் நோயாளிகளுக்குப் பெரிதும் பயன்படும்.

பெயர்ப்பலகைகளும் அறிவித்தல்களும் தமிழிலும் இருத்தல் வேண்டும். தமிழும் அரசகரும மொழியென 1987 இல் அரசியலமைப்பு ஏற்றுக்கொண்ட பின்னரும், எந்தப் பேருந்தில் ஏறுவதென்று நோயாளி வழிப்போக்கரிடம் கேட்டலையும் நிலை நீடிப்பது வேதனைக்குரியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் நிறைவேற்றப்பட்டது. ஆயினும் சக்கர நாற்காலியுடன் ஏறக்கூடிய பேருந்தைக் காண்பது இன்றும் அரிதாகவே உள்ளது.

சுகாதார அமைச்சு கட்டடங்களையும், போக்குவரத்து அமைச்சு பாதைகளையும் தனித்தனியே பார்க்கின்றன. நோயாளிக்கோ இரண்டும் ஒரே பயணம். வைத்தியசாலைக்குப் புதிய பிரிவொன்று அமைக்கப்படும்போதே அங்கு செல்லும் பேருந்தும் தீர்மானிக்கப்பட வேண்டும். இரு அமைச்சுகளும் ஒரே மேசையில் அமர்ந்து இதற்கு வழிகாணுமா?