ஒட்டுத் தெரிந்தால் என்ன? ஹிப்-ஹாப் டிஜேயின் பாடல் மாற்றம் குறித்து

ஹிப்-ஹாப் இசையில் டிஜேயாகப் பயிலத் தொடங்கும் ஒருவர் முதலில் மனம் தளர்வது பாடல் மாற்றத்தில்தான். ஒரு பாடல் முடியுமுன் அடுத்ததைக் கொண்டுவர வேண்டும்; இரண்டும் சிறிது நேரம் சேர்ந்தொலிக்க வேண்டும்; எது எங்கே தொடங்கியது என்பது கேட்பவருக்குத் தெரியக் கூடாது. இவற்றை இலக்காகக் கொண்டு மாதக்கணக்கில் பயின்றும், இரு ராப் பாடகர்களின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரைச்சலாவதையே அவர் கேட்கிறார். கைத்திறன் போதவில்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார். பெரும்பாலும் பிழை, அவர் கடன் வாங்கிய இலக்கில் இருக்கிறது.

ஒட்டுத் தெரியாமல் இணைப்பது டிஸ்கோவும் அதன் வழிவந்த ஹவுஸும் வளர்த்தெடுத்த இலட்சியம். நியூயார்க்கின் சாங்ச்சுவரி நடன விடுதியில் ஃபிரான்சிஸ் கிராஸோ 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு இசைத்தட்டுகளின் வேகத்தைப் பொருத்திச் சேர்ந்தொலிக்கச் செய்தார். ஹவுஸ் பாடல்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 பீட் வேகத்துக்குள் அடங்குபவை. அவற்றின் முன்னும் பின்னும் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் நீண்ட பகுதிகள் டிஜேக்களுக்காகவே விடப்பட்டிருக்கும். ஹிப்-ஹாப் பாடலில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. சில விநாடிகளில் குரல் நுழைந்துவிடும்; நுழைந்தபின் சொற்கள் மூச்சுவிட இடமின்றி அடுக்கப்படும். வேகமும் 80, 90, 100 எனப் பரவிக் கிடக்கும். அங்கே செய்வதை இங்கே செய்தால் இரைச்சல்தான் எழும்.

ஹிப்-ஹாப்பின் தொடக்கக் கதையே பாடல் மாற்றத்தின் கதை என்பது தொடக்கநிலையினருக்குச் சொல்லப்படுவதில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸில், 1520 செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்ப்பெல் ஒரு விருந்து நடத்தினார்; பள்ளி திறக்கும் பருவத்துக்குப் புதிய உடைகள் வாங்கப் பணம் சேர்ப்பது நோக்கம். இசைத்தட்டுகளை இயக்கியவர் ஜமைக்காவிலிருந்து குடியேறிய அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது கூல் ஹெர்க். ஆடுவோர் பாடல் முழுவதற்கும் காத்திருக்கவில்லை. குரல் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் பிரேக் என்னும் பகுதிக்கே காத்திருந்தனர் என்பதை ஹெர்க் கண்டுகொண்டார். பிரேக்கிலிருந்து பிரேக்குக்குத் தாவும் முறையை வகுத்து அதற்கு 'மெரி-கோ-ரவுண்ட்' என்று பெயரிட்டார்.

ஆனால் ஹெர்க்கின் தாவல்கள் தாளத்தில் சரியாக விழவில்லை. ஆடுவோரின் கால் ஒரு கணம் தடுமாறி மீண்டும் தாளத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. இதைக் கவனித்தவர், மின்னணுவியல் பயின்ற ஜோசப் சாட்லர் என்ற இளைஞர். பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். அவர் தேடிய விடை, தாவலை நிறுத்துவதோ மறைப்பதோ அன்று. அதைத் தாளத்துக்குள் கொண்டுவருவது. இசைத்தட்டின்மீது கிரேயானால் குறியிட்டு, கடிகார முள்ளைப்போல் எத்தனை சுற்றுப் பின்னோக்கித் திருப்ப வேண்டும் என்று எண்ணினார். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, பத்து விநாடி பிரேக் ஒன்றின் தொடக்கத்துக்குத் திரும்ப ஏறத்தாழ ஐந்தரைச் சுற்று. தட்டு வழுக்கிச் சுழல, கஞ்சியிட்டு விறைப்பாக்கிய ஃபெல்ட் துணியை அதன் அடியில் இட்டார். அடுத்த தட்டை முன்கூட்டி ஹெட்ஃபோனில் கேட்க ஒரு சுவிட்சும் அமைத்துக்கொண்டார். இசைத்தட்டை விரலால் தொடுவதே குற்றம் எனக் கருதப்பட்ட காலம் அது. அளவீடு, கருவி, மீள்சோதனை என ஆய்வகத்துக்குரிய அனைத்தும் இதில் உள்ளன. பல்கலைக்கழகங்களில் ராப் வரிகளைப் பனுவலாக வாசிக்கக் காட்டும் ஆர்வத்தில் ஒரு பகுதியேனும் இதன்மீது திரும்பலாம்.

டிரிஷா ரோஸ் 1994-இல் வெளியிட்ட 'பிளாக் நாய்ஸ்' நூலில் ஹிப்-ஹாப்பின் அழகியலை ஓட்டம், அடுக்கு, முறிவு என மூன்று கருத்துகளால் விளக்கினார். பயில்பவருக்கு இதைவிடப் பயனுள்ள கோட்பாடு அரிது. முறிவும் இங்கே ஒரு மதிப்பு. வெட்டு கேட்கலாம், அது தாளத்தில் விழ வேண்டும் என்பதே நிபந்தனை.

எனவே முதற்பயிற்சி, எண்ணுதல். நான்கு பீட் ஒரு பார். வேகம் 90 எனில் ஒரு பார் 2.67 விநாடி; 16 பார் கொண்ட வழக்கமான ராப் பத்தி ஏறத்தாழ 43 விநாடி; எட்டுப் பார் பல்லவி 21 விநாடி. வேகத்தில் நெருங்கிய இரு பாடல்களை எடுத்து, முதற்பாடலின் பல்லவி முடியும் பாரின் நான்காம் பீட்டுக்கு அடுத்த நொடியில், இரண்டாவதன் முதல் பீட்டைக் கிராஸ்ஃபேடரால் வெட்டிக் கொண்டுவரப் பழகலாம். கலத்தல் ஏதும் வேண்டாம். இவ்வொன்று நூறு முறையும் பிசகாமல் அமைந்த பிறகு, குரலற்ற வடிவத்தின்மேல் குரலை ஏற்றுவதும், இரண்டு பேஸ் ஒலிகள் மோதாமல் ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டுவதும் எளிதில் கைவரும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ராப் பாடகர்கள் பலர் முதல் பீட்டுக்குச் சற்று முன்பே சொல்லைத் தொடங்கிவிடுவர். கர்நாடக இசை கேட்டவர்களுக்கு எடுப்பு என்றால் விளங்கும். (ஒப்புமை அதற்குமேல் நீளாது.) அந்த முன்சொல்லை அறியாமல் முதல் பீட்டில் வெட்டினால் வரியின் தலை துண்டாகிவிடும். அதற்கு இடமளித்து ஓரிரு பீட் முன்னரே திறக்க வேண்டும். எந்தப் பாடலில் எவ்வளவு முன்னர் என்பது, அப்பாடலை மனப்பாடமாக அறிந்தவருக்கே தெரியும். முந்நூறு பாடல்களைச் சேர்ப்பதைவிட இருபது பாடல்களை அறிவது மேல் என்பது இதனால்தான்.

மென்பொருளின் சிங்க் பொத்தானைப் பழிப்பதும் போற்றுவதும் ஒருசேர மிகையானவை. அது பீட்டோடு பீட்டைப் பொருத்தும். ஒரு பாடலின் பத்தி நடுவில் மற்றொன்றின் பல்லவி முளைப்பதை அது தடுக்காது. 70 வேகத்தை 140 என்று அது படிப்பதும் உண்டு. மனிதர் வாசித்த டிரம்ஸ் கொண்ட பழைய ஃபங்க் பதிவுகளில் வேகம் இம்மியளவு ஏறி இறங்குவதால் பொருத்தம் நழுவும். டர்ன்டேபிளில் வேகத்தை 6 விழுக்காடு கூட்டினால் குரலின் சுருதியும் ஏறத்தாழ ஓர் அரைச்சுரம் உயரும். மென்பொருள் அதைச் சரிசெய்துவிடுகிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் 90-லிருந்து 140-க்குப் போக வேண்டிய வேளையில் பொருத்துவதற்கு ஏதுமில்லை. பல்லவியின் கடைசிச் சொல்லை எக்கோவில் கரையவிட்டு, ஒரு பார் அமைதிக்குப்பின் புதிய பாடலை முழு வலிமையோடு தொடங்குவதே வழி.

ஃப்ளாஷ் தம் முறையை முதன்முதலில் கூட்டத்தின்முன் நிகழ்த்தியபோது எவரும் ஆடவில்லை. அசையாமல் நின்று பார்த்தனர். அழுததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெட்டுகள் துல்லியமாகவே இருந்தன. அதன்பின் அவர் கூட்டத்தை ஈர்க்க ஒலிவாங்கி பிடிப்பவர்களைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். தொடக்கநிலையினரும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, தம் பயிற்சியைப் பதிவுசெய்து, ஆட விரும்பும் நண்பர் ஒருவருக்குப் போட்டுக்காட்டலாம். அவர் கால் எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்துக்குத் திரும்பிச் சென்று மீண்டும் எண்ண வேண்டியிருக்கும்.