கால் வாரிய கிளட்ச்!

சில பல் வலிகள் உண்டு. ராத்திரி பூரா உயிரை எடுக்கும். காலையில் டாக்டர் வீட்டுப் படி ஏறினதும் சமர்த்தாகக் காணாமல் போய்விடும். என் காருக்கு வந்தது அந்த ரக வியாதி.

செகண்ட் ஹாண்ட் கார். காலையில் கிளம்பும்போது கியர் வெண்ணெயாய் விழும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது, சிக்னலில் ஃபர்ஸ்ட் கியர் விழவே விழாது. ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்ர்' என்று உறுமும். ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனால், மெக்கானிக் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்து, "நல்லாத்தானே சார் இருக்கு?" என்பார், என்னவோ எனக்குத்தான் கோளாறு என்பது போல.

மூன்றாவது தடவை போனதும் அவருக்கே போரடித்திருக்க வேண்டும். "கியர்பாக்ஸை இறக்கிடலாம் சார். கிளட்ச் செட்டை மொத்தமா மாத்திட்டா பிரச்னை முடிஞ்சது. 14,000 ஆகும்."

பெண்ணின் ஸ்கூல் பீஸுக்கு எடுத்து வைத்திருந்ததும் அதே 14,000. "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் சாயங்காலம் வடபழனி சிக்னல். சிவப்பு. கிளட்சை முழுக்க மிதித்து, ஃபர்ஸ்ட் கியரில் தயாராக நிற்கிறேன். பிரேக்கில் கால் சும்மா பேருக்கு. முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன், முதுகில் மூட்டையோடு கிராஸ் பண்ணுகிறான். கிளட்ச் அமுங்கியபடியே இருக்க, வண்டி தானாக முன்னால் நகர்ந்தது!

பிரேக்கை ஓங்கி மிதித்தேன். ஒரு குலுக்கலோடு இன்ஜின் நின்றது. பம்பருக்கும் பையனுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கலாம். அவன் திரும்பிப் பார்த்தான். "பார்த்து, அங்கிள்" என்றான். போய்விட்டான்.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மனைவி, "காரை வித்துடுங்க" என்றாள். "யார் தலையில கட்டறது?" என்றேன். பதில் இல்லை.

நான் பி.காம். டிரயல் பேலன்ஸ் இடித்தால் லெட்ஜரைக் கொளுத்தக்கூடாது, எந்த என்ட்ரி உதைக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று படித்தவன். டைரியை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் தகராறு வந்த நேரம். வலது பக்கம் வராத நேரம். நினைவில் இருந்ததையெல்லாம் எழுதினேன். செங்கல்பட்டு வரை போய் வந்தது வலது பக்கம். நீளமான சிக்னல்கள் எல்லாம் இடது பக்கம். ஓடும்போது வருவதில்லை, மிதித்துக்கொண்டு நிற்கும்போதுதான் வருகிறது.

பக்கத்துத் தெருவில் ரிடையரான ஒரு பழைய மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். டைரியைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு எல்லா கியரையும் போடுங்க தம்பி."

எல்லாம் விழுந்தன.

"அப்ப கியர்பாக்ஸைத் திட்டாதீங்க. ஹாண்ட்பிரேக் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. கிளட்சை மிதிச்சு உடனே ரிவர்ஸ்."

சத்தமில்லாமல் விழுந்தது.

"நியூட்ரலுக்கு வாங்க. காலை எடுக்காம ஒரு நிமிஷம் அப்படியே மிதிச்சிருங்க. இப்ப ரிவர்ஸ்."

'கர்ர்ர்!'

"காலை எடுத்து, ரெண்டு தரம் பம்ப் அடிச்சுட்டுப் போடுங்க."

விழுந்தது.

விஷயம் இவ்வளவுதான். இது ஆயிலில் வேலை செய்கிற கிளட்ச். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அதன் ரப்பர் சீல் தேய்ந்தால், மிதித்தபடி நிற்கும்போது ஆயில் சீலைத் தாண்டிப் பின்பக்கம் நழுவும். பிரஷர் குறையும். கிளட்ச் பாதி ஒட்டிக்கொள்ளும், வண்டி நகரும். ஆயில் வெளியே சொட்டாததால் யாருக்கும் தெரியாது.

"ஆக்சிலேட்டர் கொடுத்தா இன்ஜின் கத்துது, வண்டி ஏறலேன்னா, பிளேட்டைச் சந்தேகப்படணும். இன்ஜின் ஓடும்போது மட்டும் கியர் விழலேன்னா கிளட்ச் முழுசா விடலேன்னு அர்த்தம். அப்பவும் முதல்ல பெடலுக்கு அடியில மேட் சுருண்டிருக்கான்னு பாருங்க. கேபிள் கிளட்ச்னா இழை அறுந்திருக்கான்னு பாருங்க. கியர்பாக்ஸை இறக்கறது கடைசியில" என்றார்.

மாஸ்டர் சிலிண்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றி, ஏர் எடுத்து, மொத்தம் 2,800 ரூபாய். ஸ்கூல் பீஸ் தப்பித்தது.

இப்போதெல்லாம் சிக்னலில் நியூட்ரல், ஹாண்ட்பிரேக், கிளட்சிலிருந்து கால் வெளியே. பச்சை விழுந்ததும் பின்னால் இருப்பவர்கள் ஹாரனிலேயே அர்ச்சனை செய்கிறார்கள். செய்யட்டும்.

டைரியில் அந்தக் கணக்கை முடித்துவிட்டேன். ஒரே ஒரு நிலுவை மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போகிறது: வடபழனிப் பையனுக்கு ஒரு ஸாரி.