சாட்சிகள் இங்கே இருக்கிறார்கள்

சாட் நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி ஹாப்ரேவுக்கு 2016 மே 30 அன்று செனகல் தலைநகர் டக்காரில், மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்காக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆப்பிரிக்க ஒன்றியத்துடன் சேர்ந்து செனகல் அமைத்த சிறப்பு நீதிமன்றம் அது; ஆட்சியை இழந்து 25 ஆண்டுகள் கழித்தும், உயிர் தப்பியவர்களின் விடாமுயற்சி அவரைக் கூண்டில் ஏற்றியது. இலங்கையிலோ, வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் போர்க்குற்ற விசாரணைக்கு 2015இல் ஒப்புக்கொண்ட அரசு, 2020இல் பின்வாங்கியது. மிருசுவிலில் எட்டுத் தமிழர்களைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற ராணுவ வீரரும் அதே ஆண்டு மார்ச்சில் ஜனாதிபதியின் மன்னிப்பால் வெளியே வந்தார். உள்நாட்டு நீதிமன்றமே போதும் என்ற வாதம் அன்றே உடைந்துவிட்டது.

அண்டை நாட்டின் இறையாண்மையில் தலையிடலாமா என்பார்கள். செனகல் யார் மீதும் படையெடுக்கவில்லை. தன் மண்ணில் தஞ்சம் புகுந்தவரை விசாரித்தது, அவ்வளவுதான். இந்தியாவால் அதுகூட இயலாது. மானுடத்துக்கு எதிரான குற்றம் நம் சட்டத்தில் தனிக் குற்றமாக இல்லை என்பதை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. அதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தாக வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்க முடியாத வேலை ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் உட்படத் தமிழகமெங்கும் முகாம்களில் வாழும் ஈழத்தமிழர் பலர் இலங்கைப் போரின் கண்கண்ட சாட்சிகள்; அவர்களுக்கு வயதாகிறது. வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்திலேயே, விரும்புவோரின் வாக்குமூலத்தை, அவர்களின் பாதுகாப்புக்கு உறுதியளித்து, முறைப்படி பதிவுசெய்யலாம். 2021இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய தீர்மானத்தின்படி ஆதாரம் திரட்டிவரும் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்திடம் அவற்றை ஒப்படைக்கலாம்.