கடற்கரையில் மனை கொள்ளுதல்

கல்லூரியின் விழா மலரில் வீடு வாங்குதலைப் பற்றி எழுதுதல் பொருந்துமோவெனச் சிலர் ஐயுறுதல் கூடும். கற்ற கல்வியின் பயன் வாழ்க்கையிலே காணப்படுவது. ஆதலின், ஒருவர் தம் வாழ்நாளிற் செய்யும் பெருஞ்செலவில் அக்கல்வி எவ்வாறு துணைநிற்றல் வேண்டுமென ஆராய்தல் தகுதியுடையதேயாம். எம் பழைய மாணவர் பலர் இன்று அவுஸ்திரேலியாவிற் குடியேறி வாழ்கின்றனர். ஊர்க் காணியை விற்ற பணமும், கணவன் மனைவி இருவரின் உழைப்பும், வங்கிக்கு 30 ஆண்டுகள் வரை செலுத்தவேண்டிய கடனும் ஒன்றுசேர்ந்தே அங்கு ஒரு வீடாகின்றது. அந்த வீடு தவறான நிலத்தில் அமையுமாயின், குடும்பத்தின் முதல் முழுவதும் அந்நிலத்தோடு முடங்கிவிடும்.

கடலோசை கேட்டு வளர்ந்தவர்க்குக் கடலருகே குடியிருக்கும் அவா இயல்பானது. அதனை யாம் குறைகூறோம். ஆயினும், கடலின் அழகைக் கண்டு மனை கொள்ளுதல் பேதைமை; கடலின் குணத்தையும் நிலத்தின் உயரத்தையும் அறிந்து கொள்ளுதலே அறிவுடைமை என்பது எமது துணிபு.

அந்நாட்டின் தென்கிழக்கில் இருவகைக் கரைகள் உள்ளன. ஒன்று, பெருங்கடலை நேரே நோக்கிய கரை. சிட்னி நகரின் வடபாலுள்ள கொலறோய் என்னுமிடத்தில், 2016 யூன் மாதப் புயல் கரையோர வீடுகளின் பின்வளவுகளை அரித்துச் சென்றது. ஒரு வீட்டின் நீச்சற்றடாகம் பெயர்ந்து மணலில் விழுந்தது. பின்னர் எழுப்பப்பட்ட தடுப்புச்சுவரின் செலவிற் பெரும்பங்கு வீட்டுக்காரர் தலையிலேயே விழுந்தது. விக்ரோறியா மாநிலத்து இன்வலொக்கில் 2012 முதலாகக் கடல் பல பத்து மீற்றர் நிலத்தைக் கவர்ந்துகொண்டது. இத்தகைய கரைகளிலே நீந்துவோரை உள்ளிழுத்துச் செல்லும் நீரோட்டங்களும் உண்டு. சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நாட்டப்பட்ட இடைவெளியில் மட்டுமே நீராடுக என்று அந்நாட்டார் சிறுவர்க்குக் கற்பிப்பதன் காரணம் இதுவே.

மற்றையது குடாக்கடற் கரை. மெல்பேண் நகரின் முன்னே கிடக்கும் போட் பிலிப் குடா ஏறத்தாழ 1,930 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. குறுகிய வாயிலாற் பெருங்கடலோடு தொடுக்கப்பெற்றது. ஆதலின் அங்கு அலைகள் சிறியன. குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பத்துக்கு இதுவே ஏற்றது. எனினும் அங்கும் விழிப்பு வேண்டும். பெருமழை பெய்தபின் தெருக்களின் அழுக்குநீர் குடாவிற் கலத்தலின், நீராடுதல் நன்றோ தீதோவென மாநிலச் சூழல் அதிகாரசபை கோடைகாலத்தில் அறிவித்து வருகின்றது.

குடாவின் கீழ்க்கரையோரமாகப் பிராங்ஸ்ரன் வரை புகையிரதப் பாதை செல்கின்றது. மென்ரோன், மோடியலொக், செல்சி, கறம் முதலிய நிலையங்களிலிருந்து நடந்தே கடற்கரையை அடையலாம். சிவ விஷ்ணு ஆலயம் அமைந்த கறம் டவுன்ஸ் இப்பாதைக்குச் சிறிது கிழக்கே உள்ளது. இவையெல்லாம் எம்மவரை ஈர்ப்பன. ஆயினும் ஒரே பாதையை அடுத்த ஊர்களிலும் நிலம் ஒரே தன்மையதன்று. மோடியலொக்குக்கும் பிராங்ஸ்ரனுக்கும் இடைப்பட்ட பகுதியிற் பெருஞ்சதுப்பு ஒன்று கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது வடிகாலிட்டு உலர்த்தப்பட்டது. எஞ்சிய ஈரநிலம் ஈடித்வேல், சீபோட் பகுதிகளில் இன்றும் காக்கப்படுகின்றது. உலர்த்திய தாழ்நிலத்தின் மேலே வீட்டு வரிசைகள் நிற்கின்றன. வடக்கே போமாறிஸ், மென்ரோன் பகுதிகளில் நிலம் உயர்ந்துள்ளது. அங்கோ குன்றின் விளிம்பு அரிக்கப்படுகின்றது. ஆகவே உயர்ந்த நிலத்தில், விளிம்பினின்றும் விலகி, கரையிலிருந்து பத்து நிமிட நடைத்தூரத்திலே வீடு கொள்ளுதலே சாலச் சிறந்தது. நாள்தோறும் சன்னலிற் கடலைக் காண்பதற்குக் கொடுக்கும் மேலதிக விலையைப் பிள்ளைகளின் கல்விக்கு வைத்தல் நன்று.

இனிச் சட்டத்தை நோக்குவோம். விக்ரோறியாவில் 1962ஆம் ஆண்டுக் காணி விற்பனைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி விற்போர் ஒரு கூற்றை வழங்குதல் வேண்டும். வெள்ளம் பாயும் நிலமெனத் திட்டவரைபடம் குறித்திருப்பின் அக்கூற்றில் அது காணப்படும். எம்மவர் பலர் சமையலறையை நூறுமுறை பார்ப்பர். அக்கூற்றை ஒருமுறையேனும் வாசியார். தனிமுறை விற்பனையிற் கைச்சாத்திட்டபின் மனம் மாற மூன்று வேலைநாள்கள் உண்டு. ஏலத்திற் கொண்டால் அந்த அவகாசமும் இல்லை. காப்புறுதியோ, வெள்ளத்துக்கு ஈடு தருவதாயினும், கடலின் செயலாலாகும் அழிவை விலக்கியிருத்தல் பெரும்பான்மை. ஆதலின் கைச்சாத்திடுமுன் அந்த முகவரிக்கே காப்புறுதிக் கட்டணம் கேட்டறிதல் வேண்டும். கட்டணம் மிகையாயின், அதுவே நிலத்தைப் பற்றிய மெய்யான சான்று.

அம்மாநிலம் 2100ஆம் ஆண்டளவிற் கடல்மட்டம் 0.8 மீற்றருக்குக் குறையாமல் உயருமெனக் கொண்டே திட்டமிடுகின்றது. ரூறா என்னும் ஊருக்கு அண்மையில் ஆறு வீடுகளுக்கு வழங்கப்பட்ட அனுமதியை, கடல்மட்ட உயர்வைக் காரணங்காட்டி 2008இல் நியாயசபை நீக்கியது. அரசே எண்ணிப் பார்க்கும் ஒன்றை, 30 ஆண்டுக் கடன் கொள்பவர் எண்ணாதிருத்தல் தகுமோ?

ஊரிலிருந்துகொண்டே அங்கு வீடு கொள்ள நினைப்போர்க்கும் ஒரு சொல். நிரந்தர வதிவுரிமை இல்லாத அயல்நாட்டார் முன்பே கட்டப்பட்ட வீடுகளை வாங்குதலை, சில விலக்குகள் நீங்கலாக, 2025 ஏப்பிரல் 1 முதல் 2027 மார்ச்சு 31 வரை தடுப்பதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. விக்ரோறியாவில் 2019 முதல் அயல்நாட்டார்க்கான மேலதிக முத்திரை வரி நூற்றுக்கு 8 ஆகும். இவற்றைக் கடக்க உறவினர் பெயரில் எழுதுவித்தல் சட்டத்துக்கு மாறானது. பணத்தோடு உறவையும் இழப்பிக்கும்.

வாடகை கொடுத்தல் வீண். விலை ஏறுமுன் வாங்குக என்பர் சிலர். விலை ஏறுதல் உண்மையே. ஆயினும் ஓராண்டு வாடகை, தவறிய வீட்டின் இழப்போடு ஒப்பிடுங்கால் மிகச் சிறிதாம். யூன் முதல் ஓகஸ்ற் வரையான குளிர்காலத்தில் மேல்காற்று குடாவின் கீழ்க்கரையைத் தாக்கும். அக்காலத்தில் தாயும் தந்தையும் வெளியே நடக்க இயலுமா? மாலை இருண்டபின் நிலையத்திலிருந்து வரும் வழி எத்தகையது? விரும்பிய அரசினர் பாடசாலை அந்த முகவரியிலுள்ள பிள்ளையை ஏற்குமா? குற்றங்களின் எண்ணிக்கையை ஊர்தோறும் பிரித்து அரசு வெளியிடுகின்றது, அதனையும் காண்க. ஆயினும் கடைத்தெருவிலே களவு மிகுதலும் வீடு புகுந்து களவெடுத்தல் மிகுதலும் ஒன்றல்ல என்பதை அறிந்து காண்க. ஓராண்டு அவ்வூரில் வாடகைக்கு இருந்தவரே இவற்றுக்கெல்லாம் விடை கூறவல்லார்.

2004 திசெம்பர் 26இல் வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் கடல் செய்த கொடுமையைக் கண்ட நாம், கடலுக்கும் வீட்டுக்கும் இடையே இருக்கவேண்டிய தூரத்தை எவரிடத்தும் கற்கவேண்டியதில்லை. அயல்நாடு சென்றதும் அதனை மறவாதிருத்தலே வேண்டுவது.

மெல்பேணிலும் சிட்னியிலும் முன்னரே குடியேறிய பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். புதிதாய் வருவோர் வீடு பார்க்கச் செல்லுங்கால் உங்களுள் ஒருவர் உடன் செல்க. பெருமழை பெய்த மறுநாள் செல்க. தெருவில் நீர் எங்கே தேங்குகின்றதெனக் காட்டுக. விற்பவர் கூற்றை வாசித்து விளக்குக. ஆண்டுதோறும் விருந்துண்டு பிரிதலோடு நில்லாது, சங்கக் கிளைகள் இப்பணியையும் மேற்கொள்ளுமாயின், ஒரே கல்லூரியிற் பயின்றோம் என்னும் உறவு பல குடும்பங்களுக்குக் காவலாகும்.