நாணயச் சுழற்சியில் தோற்ற பின்களம்: பக்கீர் அலியும் நம் கரையோரப் பயிற்றுவிப்பாளர்களும்

புத்தளம் களப்போர மைதானங்களில் உயரத் தூக்கி அடித்த பந்து எங்கே விழும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். அதனால் இங்கே பின்களத்தில் விளையாடும் பையன்கள் பந்தைக் கணிப்பதற்கு முன் காற்றைக் கணிக்கப் பழகுகிறார்கள். கடந்த மாதம் அப்படியொரு மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பகலில் உப்பளத்தில் வேலை செய்துவிட்டு மாலையில் பையன்களைப் பயிற்றுவிக்கும் ஒருவர், பதினான்கு வயதுப் பின்கள வீரன் ஒருவனைப் பார்த்துத் திரும்பத் திரும்ப ஒரே விடயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாயாத மகன். பின்னால போ. அவன வெளிப்பக்கம் தள்ளு."

பயிற்சி முடிந்ததும் அவரிடம் பேசினேன். சம்பளம் எதுவும் இல்லை. பந்து வாங்கும் காசில் பாதி அவருடையது. பயிற்றுவிப்பாளர் உரிமத்துக்கான பாடநெறிக்குப் போக வேண்டுமென்றால் பல நாள் கூலியை விட்டுவிட்டு வெளியூரில் தங்க வேண்டும். "கோல் அடிக்கிற புள்ளய எல்லாருக்கும் தெரியும் தம்பி. கோல் விழாமப் பாத்துக்கிட்ட புள்ளய யாருக்குத் தெரியும்? அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன யாருக்குத் தெரியும்?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை பக்கீர் அலியிடம் கொண்டு சேர்த்தது.

இலங்கைத் தேசிய அணியின் பின்களத்தில் விளையாடிய பக்கீர் அலி, 1980களில் டாக்காவின் அபஹானி கழகத்துக்கு ஆடப் போனார். தெற்காசியாவில் அன்று டாக்கா லீக் பெரிய களம். அபஹானிக்கும் மொஹமடனுக்கும் இடையிலான போட்டி என்றால் நகரமே இரண்டாகப் பிரிந்து நிற்கும். அங்கே ஓர் இலங்கைப் பின்கள வீரர் வருடக்கணக்கில் நிலைத்து நின்றார். பின்னர் அதே நாட்டில் கழகங்களின் பயிற்றுவிப்பாளராகவும் ஆனார். 2018இல்தான் இலங்கைத் தேசிய அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் பதவி அவரிடம் வந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பங்களாதேஷின் நில்பாமாரியில் நடந்த நட்புப் போட்டியில் இலங்கை 1-0 என வென்றது. அடுத்த மாதம் டாக்காவில் தெற்காசிய சம்பியன்ஷிப். இலங்கை இந்தியாவிடம் 0-2 எனத் தோற்றது, மாலைதீவுடன் 0-0 என சமன் செய்தது. மாலைதீவும் இந்தியாவிடம் அதே 0-2 கணக்கில் தோற்றது. புள்ளி, கோல், வித்தியாசம் எல்லாமே சமம். அரையிறுதிக்குப் போவது யார் என்பதை நாணயத்தைச் சுண்டிப் பார்த்தே முடிவு செய்தார்கள். நாணயம் மாலைதீவின் பக்கம் விழுந்தது. ஒரு கோல்கூட அடிக்காமல் அரையிறுதிக்குப் போன அந்த மாலைதீவுதான், இறுதிப் போட்டியில் இந்தியாவை 2-1 என வீழ்த்திக் கிண்ணத்தைத் தூக்கியது.

அந்தக் கிண்ணத்தை இலங்கை வென்றது ஒரேயொரு தடவை, 1995இல். 2018இல் நாமும் மாலைதீவும் ஒரே இடத்தில்தான் நின்றிருந்தோம். ஆனால் நம் நினைவில் எஞ்சியது "முதல் சுற்றிலேயே வெளியேற்றம்" என்ற செய்தித் தலைப்பு மட்டும்தான்.

2019இல் உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்று. மக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இலங்கை 0-1 எனத் தோற்றது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் பாதுகாப்பைக் காரணம் காட்டி மக்காவ் கொழும்புக்கு வர மறுக்க, இரண்டாவது ஆட்டத்தை பீபா 3-0 என இலங்கைக்கு வழங்கியது. அடுத்த சுற்றில் துர்க்மெனிஸ்தானிடம் 0-2, வட கொரியாவிடம் 0-1. பிறகு ஒக்டோபரில் தென் கொரிய மண்ணில் 0-8. சன் ஹியுங்-மின் போன்ற வீரர்களைக் கொண்ட அணியிடம் வாங்கிய அந்த எட்டு கோல்களை இன்றும் எல்லோரும் சொல்வார்கள். வட கொரியாவை ஒரே கோலுடன் நிறுத்திய செப்டெம்பர் மாலையை யாரும் சொல்வதில்லை. 2020இல் அவருடைய இடத்துக்கு அமீர் அலாகிச் வந்தார். பக்கீர் அலி மீண்டும் டாக்காவுக்குப் போய் பங்களாதேஷ் பொலிஸ் கழகத்தைப் பொறுப்பேற்றார்.

தற்காப்பைக் கற்றுக்கொடுப்பவரின் சிக்கல் இதுதான். அவருடைய வெற்றி என்பது ஒன்றும் நடக்காமல் போவது. நடக்காத ஒன்றுக்கு சாட்சி இருக்காது. ஆகவே அதைக் கணக்கில் எடுப்பதற்கென்றே ஓர் அமைப்பு இருந்தாக வேண்டும்.

அப்படியோர் அமைப்பு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, நாம் அதிகம் பார்க்காத ஒரு விளையாட்டில் உதாரணம் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் தாக்குவதற்கு ஓர் அணி, தடுப்பதற்கு வேறோர் அணி. தடுப்பு அணிக்குத் தனியாக ஒரு பொறுப்பாளர், அவருக்குக் கீழே முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் தனித்தனிப் பயிற்றுவிப்பாளர்கள். தடுப்பை மட்டுமே சொல்லிக்கொடுத்து ஒருவர் அங்கே வாழ்நாள் முழுக்கத் தொழில் செய்யலாம், படிப்படியாக மேலே ஏறலாம்.

அந்தத் தொழிலில் பெயர் பெற்றவர் படி ரயன். 1978 முதல் சிக்காகோ பெயார்ஸ் அணியின் தடுப்புப் பொறுப்பாளர். 1981 பருவம் மோசமாக முடிந்து தலைமைப் பயிற்றுவிப்பாளர் நீக்கப்படவிருந்த நேரத்தில், தடுப்பு வீரர்கள் சேர்ந்து உரிமையாளர் ஜோர்ஜ் ஹாலஸுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள்: ரயனை மட்டும் அனுப்பிவிடாதீர்கள் என்று. ஹாலஸ் கேட்டுக்கொண்டார். புதிய தலைமைப் பயிற்றுவிப்பாளராக மைக் டிட்கா வந்தபோது ரயன் ஏற்கெனவே தன் கதிரையில் இருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1986 ஜனவரியில் பெயார்ஸ் 46-10 என சுப்பர் போல் வென்ற அன்று, வீரர்கள் டிட்காவோடு ரயனையும் தோளில் தூக்கிச் சென்றார்கள். அவருடைய தடுப்பு முறையின் பெயர் '46'. டக் பிளாங் என்ற பின்வரிசை வீரர் அணிந்திருந்த இலக்கம் அது.

கோடிக்கணக்கான டொலர் புரளும் லீக்கோடு நம்மை ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். பணத்தில் ஒப்பிட முடியாதுதான். நான் ஒப்பிடுவது வேறொன்றை. தலைமை மாறினாலும் அறிவு மாறாமல் இருக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்குத் தோன்றியது. அந்தக் கடிதத்துக்கு ஒரு டொலர்கூடச் செலவாகவில்லை.

நம் நாட்டில் அலாகிச்சுக்குப் பிறகு அன்டி மொரிசன், அவருக்குப் பிறகு அப்துல்லா அல் முதைரி. எல்லோரும் வெளிநாட்டவர்கள். இடையில் 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை, நிர்வாகக் குழப்பங்களால் பீபா நம் சம்மேளனத்தையே இடைநிறுத்தி வைத்திருந்தது. வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர்களால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. 2024 செப்டெம்பரில் அல் முதைரியின் அணி கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்குள் நுழைந்தது. முதல் ஆட்டம் 0-0. அதுவும் தற்காப்பின் வெற்றிதான். ஆனால் அந்த அணி பெரிதும் நம்பியிருப்பது புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிறந்து, வெளிநாட்டுக் கழகங்களில் பயின்ற வீரர்களை. அவர்களுக்குப் பின்வாங்கவும் வெளிப்பக்கம் தள்ளவும் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த நாடுகளில் சம்பளம் வாங்கும் பயிற்றுவிப்பாளர்கள். அதே பாடத்தை இங்கே இலவசமாகச் சொல்லிக்கொடுப்பவரோ உப்பளத்திலிருந்து நேராக மைதானத்துக்கு வருகிறார்.

எங்கள் மாவட்டத்தையே பாருங்கள். 2021இல் தொடங்கிய சுப்பர் லீக்கின் பத்துக் கழகங்களில் புத்தளம் மாவட்டத்திலிருந்து இருந்தது வென்னப்புவையின் நியூ யங்ஸ் மட்டும். சிலாபத்துக்கு வடக்கே, உடப்பு முதல் புத்தளம், கற்பிட்டி வரையான தமிழ் பேசும் கரையிலிருந்து ஒரு கழகமும் இல்லை. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் இந்த மண்ணில்தான் விளையாடி வளர்ந்தார்கள். ஆட்டக்காரர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அவர்களைப் பதினான்கு வயதிலிருந்து இருபது வயது வரை ஒரே கையில் வைத்திருக்கும் ஏற்பாடுதான் இல்லை.

கேட்பது பெரிதல்ல. பயிற்றுவிப்பாளர் பாடநெறிகளை மாவட்டத்துக்கே கொண்டு வரலாம், தமிழிலும் நடத்தலாம், அந்த நாட்களின் கூலியை ஈடு செய்யலாம். தேசிய அணிக்கு வரும் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளருடனும் ஓர் உள்ளூர் உதவியாளரை, தலைமை மாறினாலும் நீக்கப்படாதவராக, ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம். பக்கீர் அலி போன்றவர்கள் டாக்காவில் சேர்த்த அனுபவத்தை இளம் பயிற்றுவிப்பாளர்களுக்குக் கடத்த ஒரு பொறுப்பை உருவாக்கலாம். நாணயம் எந்தப் பக்கம் விழும் என்பது நம் கையில் இல்லை. இவை நம் கையில் இருப்பவை.

நான் கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அந்தப் பையன் கடைசியாக ஒரு தடவை பாயாமல் பின்வாங்கினான். எதிரே வந்தவன் ஓரக்கோட்டுக்குத் தள்ளப்பட்டு, பந்து வெளியே போனது. யாரும் கைதட்டவில்லை. மாஸ்டர் மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் பந்தை எடுக்கப் போனார்.