கேமரா கொஞ்சம் கீழே இறங்கட்டும்

கல்யாண வீடியோவோ குறும்படமோ, கேமராவை ஆடாமல் தாங்கும் ஜிம்பலைக் கையில் பிடித்து எடுத்த காட்சிகளில் கேமரா பெரும்பாலும் எடுப்பவரின் நெஞ்சு உயரத்திலேயே உலவுகிறது. அந்த உயரத்தை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. கைப்பிடியை நிமிர்த்திப் பிடித்தால் கேமரா தானாக அங்கே வந்து நிற்கிறது, அவ்வளவுதான். நான்கு வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 100 சென்டிமீட்டர். நெஞ்சு உயரக் கேமராவுக்கு அதன் உச்சந்தலைதான் தெரியும். மணையில் அமர்ந்திருக்கும் மணமக்களையும், அம்மி மிதிக்கும் காலையும், மெட்டி போடக் குனியும் கையையும் அது மேலிருந்து எட்டிப் பார்க்கிறது. ஜிம்பலைத் தலைகீழாகத் திருப்பி, கைப்பிடி மேலேயும் கேமரா கீழேயும் இருக்கும்படி தொங்கவிட்டுப் பிடித்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும். எப்போதாவது காட்டும் வித்தையாக இல்லாமல், நிமிர்த்திப் பிடிப்பதற்கு இணையான அன்றாடப் பிடியாக இது மாற வேண்டும் என்பதே என் வாதம்.

கருவியின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. இன்றைய மோட்டார் ஜிம்பல்கள் ட்ரோன்களுக்கு அடியில் தொங்கிய கருவிகளின் வழிவந்தவை. ஃப்ரீஃப்ளை நிறுவனம் 2013இல் அறிமுகப்படுத்திய மோவி எம்10, அடுத்த ஆண்டு டிஜேஐ கொண்டுவந்த ரோனின் இரண்டிலும், இரு கைகளால் பிடிக்கும் குறுக்குத்தண்டுக்குக் கீழேதான் கேமரா தொங்கியது. 2018இல் வந்த ரோனின்-எஸ் போன்ற ஒற்றைக் கைப்பிடிக் கருவிகள் பரவிய பிறகே கேமரா கைக்கு மேலே இருப்பது இயல்பானது. இவற்றுக்கெல்லாம் முன்னோடி, காரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகேம் என்ற கேமரா தாங்கி. அதன் சோதனைக் காட்சிகளைப் பார்த்த இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் உடனே விசாரித்தவற்றில் ஒன்று, இதை எவ்வளவு தாழ்வாக இறக்க முடியும் என்பதுதான். 1980இல் வெளியான ‘தி ஷைனிங்’ படத்தில் அதற்கான விடையைப் பார்க்கலாம். வெறிச்சோடிய ஹோட்டல் நடைபாதைகளில் சிறுவன் டேனி மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறான். தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் லென்ஸ் அவன் பின்னாலேயே போகிறது. ஸ்டெடிகேமைத் தாழ்நிலைக்கு மாற்றி, சக்கர நாற்காலியில் பொருத்தி எடுத்த காட்சி அது. அதே நடைபாதையை நெஞ்சு உயரத்திலிருந்து எடுத்திருந்தால், பெரியவர் ஒருவர் சிறுவனைப் பின்தொடர்வது போலத்தான் இருந்திருக்கும். லென்ஸ் தாழ்ந்ததால், சுவர்கள் அவனுக்கு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரமாக நமக்கும் எழுகின்றன. அந்தக் காட்சி தரும் பயத்தில் பாதி கேமராவின் உயரத்தால் வந்தது.

உடலுக்கும் இந்தப் பிடி உதவுகிறது. ஜிம்பலின் மூன்று மோட்டார்கள் கேமராவின் திரும்பல், நிமிர்வு, சாய்வு ஆகியவற்றைச் சரிசெய்யும். நடக்கும்போது உடல் மேலும் கீழும் எழுந்து தாழ்வதை அவற்றால் ஈடுகட்ட முடியாது. அதைக் கையும் முழங்காலும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜிம்பல், கேமரா, லென்ஸ் மூன்றும் சேர்ந்தால் மூன்று கிலோ எளிதில் வந்துவிடும். அதை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு நோகும். தொங்கவிட்டால், தண்ணீர் வாளியைத் தூக்குவது போல எடை கைக்கு நேர் கீழே வந்துவிடுகிறது. முழங்கையைச் சற்று மடக்கினால் அது சுருள்வில்லாக வேலை செய்யும்.

தலைகீழாகப் பிடித்தால் கேமரா சரிகிறது, மோட்டார் திணறுகிறது என்று சிலர் சொல்வதுண்டு. ஒவ்வொரு அச்சிலும் சரியாக பேலன்ஸ் செய்த கேமரா எந்தத் திசையில் திருப்பினாலும் அப்படியே நிற்கும். கவிழ்த்ததும் சரிகிறதென்றால், நிமிர்ந்திருந்தபோதே பேலன்ஸ் பிழையாக இருந்திருக்கிறது. மோட்டார் அதை மறைத்து வந்திருக்கிறது. திரை கண்ணுக்குத் தெரியாது என்பது நியாயமான குறைதான். மேல்நோக்கித் திருப்பக்கூடிய சிறு மானிட்டரைக் கைப்பிடியில் பொருத்தினால் அது பெருமளவு தீரும். கேமராவைத் தாங்கும் பிளேட்டின் பூட்டு விழுந்திருக்கிறதா என்று கவிழ்ப்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது மட்டும் கட்டாயம்.

தாழ்ந்த கேமரா யாரையும் கதாநாயகனாக ஊதிக் காட்டும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. நம் திரைப்படங்களின் அறிமுகக் காட்சிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த விளைவைத் தருவது அண்ணாந்து பார்க்கும் கோணம். உயரம் வேறு, கோணம் வேறு. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) பாய்மீது அமர்ந்திருப்பவர்களோடு கேமராவையும் தாழ்த்தி வைத்தார். அங்கே எவரும் பூதாகரமாகத் தெரிவதில்லை, பார்ப்பவரும் அவர்களோடு உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. அமர்ந்தவரின் கண் உயரத்தில் லென்ஸைக் கிடைமட்டமாக வைத்தால் அவர் சமமானவராகவே தெரிவார்.

மிகக் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியது பெண்களும் பெற்றோரும் எழுப்பும் மறுப்புக்கு. கூட்டத்துக்கு நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு லென்ஸ் நகர்வது, தன்னை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று தெரியாதவருக்குச் சங்கடம் தரும். அந்தச் சங்கடம் முற்றிலும் நியாயமானது; கலையின் பெயரால் அதைத் தள்ளிவிட யாருக்கும் உரிமையில்லை. மணமேடைச் சடங்குக்கும் விளையாடும் குழந்தைகளுக்கும் அருகில் கேமராவை இறக்கும் முன் வீட்டாரிடம் சொல்லி அனுமதி பெற வேண்டும். நின்றுகொண்டிருக்கும் கூட்டத்துக்குள் நுழையும்போது ஜிம்பலை மறுபடி நிமிர்த்திவிட வேண்டும். அங்கே எல்லோருடைய முகமும் மேலேதான் இருக்கிறது.